ஒன்பதாம் வகுப்பில் போதை பற்றிப் பேசப் போகிறவர்களுக்கு

ஜூன் 26 வந்தால் பள்ளிகளில் போதை ஒழிப்பு தினம். மைதானத்தில் பிள்ளைகளை வரிசையாக உட்கார வைப்பார்கள். ஒருவர் மைக்கைப் பிடித்து அரைமணி நேரம் பேசுவார். கறுத்துப்போன நுரையீரல் படம் ஒன்று, வாய்ப்புற்று வந்தவரின் படம் ஒன்று காட்டுவார்கள். கையை நீட்டி உறுதிமொழி எடுப்பார்கள். அதோடு அடுத்த ஜூன் வரை அந்தப் பேச்சே இருக்காது.

இதை நடத்துகிறவர்களின் அக்கறையில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் இந்த முறையால் பெரிய பலன் இல்லை என்பது வெகுகாலமாகவே தெரிந்த விஷயம். அமெரிக்காவில் லாஸ் ஏஞ்சலஸ் நகரில் 1983-இல் 'டேர்' என்றொரு திட்டம் தொடங்கினார்கள். சீருடை போட்ட காவலர்களே வகுப்புக்கு வந்து பாடம் எடுத்தார்கள். நாடு முழுக்கப் பரவியது. பிற்பாடு, அந்த வகுப்பில் உட்கார்ந்த பிள்ளைகளையும் உட்காராத பிள்ளைகளையும் பல ஆய்வுகள் ஒப்பிட்டுப் பார்த்தன. போதைப் பழக்கத்தில் சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசம் தெரியவில்லை. ஐ.நா.வின் போதைப்பொருள் மற்றும் குற்றத்தடுப்பு அலுவலகமும் உலக சுகாதார நிறுவனமும் சேர்ந்து 2018-இல் வெளியிட்ட தடுப்பு நெறிமுறைகளும் இதையே சொல்கின்றன: வெறும் சொற்பொழிவு, பயமுறுத்தல், காவலர் எடுக்கும் பாடம், மீண்டு வந்தவர் சொல்லும் சொந்தக் கதை ஆகியவை பள்ளியில் பலன் தருவதில்லை, சில நேரம் எதிர்விளைவும் உண்டு.

பலன் தருவது பழக்கம். நீச்சலைக் கரையில் நின்று சொல்லிக்கொடுக்க முடியாது என்பதுபோல, "வேண்டாம்" என்று சொல்வதையும் வாயைத் திறந்து சொல்லிப் பழகினால்தான் வரும்.

நீங்கள் புதிதாகச் சேர்ந்த ஆசிரியராக இருக்கலாம், என்.எஸ்.எஸ். மாணவராக இருக்கலாம், ஊரில் டியூஷன் எடுக்கிறவராக இருக்கலாம். தமிழ்நாட்டு அரசுப் பள்ளியில் எட்டு முதல் பத்தாம் வகுப்புக்குள் வாரம் ஒரு பீரியட், ஆறு வாரம் என்ற கணக்கில் இதை எழுதுகிறேன். ஒரே ஒரு பீரியட்தான் தருவோம் என்று தலைமையாசிரியர் சொல்லிவிட்டால், கீழே 'மறுத்துப் பழகுவது' என்று இருக்கும் பகுதியை மட்டும் செய்யுங்கள்.

போவதற்கு முன்

முதலில் பள்ளியைச் சுற்றி ஒரு நடை நடந்து பாருங்கள். புகையிலைக் கட்டுப்பாட்டுச் சட்டம் 2003-இன்படி, பள்ளியிலிருந்து 100 கஜத்துக்குள், அதாவது சுமார் 91 மீட்டருக்குள், பீடி சிகரெட் விற்கக்கூடாது. 18 வயதுக்கு உட்பட்டவருக்கு எங்கேயும் விற்கக்கூடாது. தமிழ்நாட்டில் குட்காவும் பான் மசாலாவும் 2013 முதல் தடை. பெட்டிக்கடையில் சரம் தொங்காமல் இருக்கலாம்; ஆனால் பஸ் ஸ்டாப் பின்னால், கழிப்பறைச் சுவரோரம் கீழே என்ன கிடக்கிறது என்று பாருங்கள். சின்னஞ்சிறு வெள்ளைப் புகையிலைப் பொட்டலம், டீ பையைப் போன்ற துணி, கட்டைவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிது. அதுதான் பிள்ளைகள் 'கூல் லிப்' என்று சொல்வது. கீழுதட்டுக்கும் ஈறுக்கும் நடுவில் அடக்கிக்கொண்டு வகுப்பிலேயே உட்கார்ந்திருக்க முடியும். புகை இல்லை, புதினா வாசனை வேறு. மாணவர்களிடம் இது பரவுவது குறித்து உயர் நீதிமன்ற மதுரைக் கிளையே 2024-இல் கவலை தெரிவித்தது. பஞ்சர் ஒட்டும் சொல்யூஷன் ட்யூபும் ஒயிட்னர் பாட்டிலும் அளவுக்கு மீறிக் கிடந்தால் அதையும் மனதில் வையுங்கள். மத்திய அரசுக்காக எய்ம்ஸ் நடத்தி 2019-இல் வெளியான நாடு தழுவிய ஆய்வில், பெரியவர்களைவிடப் பிள்ளைகள் விகிதத்தில் அதிகமாக இருந்த ஒரே போதை, இந்த மோந்து பார்க்கும் வகைதான்.

இந்த நடை உங்களுக்காக மட்டும். பார்த்ததை வகுப்பில் பட்டியல் போடாதீர்கள். எது, எங்கே, என்ன விலை என்று நாமே சொல்லிக்கொடுத்தது போலாகிவிடும்.

இன்னொரு தயாரிப்பு நாக்குக்கு. நாற்பது பிள்ளைகள் இருக்கும் வகுப்பில் அப்பா குடிக்கிற பிள்ளை இருக்கத்தான் செய்யும். நீங்கள் "குடிகாரன்" என்று ஒரு தடவை சொன்னால், அந்தப் பிள்ளை உங்களிடம் வாயே திறக்காது. குடிநோய், குடிநோயாளி என்ற சொற்கள் மருத்துவர்கள் நடுவிலும் மக்கள் நடுவிலும் பழக்கத்துக்கு வந்துவிட்டன. அவற்றையே பயன்படுத்துங்கள். தள்ளாடி நடந்து காட்டிச் சிரிக்க வைக்கிற வேலையும் வேண்டாம்.

முதல் பீரியட்: ஒரு பெட்டி, ஒரு வாக்குறுதி

ஷூ டப்பா ஒன்றில் துளை போட்டு எடுத்துப் போங்கள். எல்லோருக்கும் ஒரே அளவில் துண்டுச் சீட்டு. பெயர் எழுத வேண்டாம், மனதில் இருக்கும் கேள்வியை எழுதிப் போடலாம். இங்கே ஒரு நுணுக்கம் இருக்கிறது: கேள்வி இல்லாதவர்களும் "கேள்வி இல்லை" என்று எழுதிப் போட வேண்டும். இல்லாவிட்டால் பேனா ஓடுகிற கை யாருடையது என்று பக்கத்து பெஞ்சு பார்த்துவிடும். சீட்டுகளை அங்கேயே பிரிக்காதீர்கள். வீட்டுக்குக் கொண்டுபோய்ப் படித்துவிட்டு அடுத்த வாரம் பதில் சொல்லுங்கள்.

வாக்குறுதியைப் பாதியாகத்தான் தர முடியும். "இங்கே பேசுவது வெளியே போகாது. ஆனால் உங்களை யாராவது துன்புறுத்துகிறார்கள் என்றோ, உங்களை நீங்களே காயப்படுத்திக்கொள்ளப் போகிறீர்கள் என்றோ தெரிந்தால், உதவி செய்யக்கூடியவரிடம் நான் சொல்லியே ஆக வேண்டும்" என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். பாலியல் துன்புறுத்தல் தெரியவந்தால் புகார் செய்வது போக்சோ சட்டப்படி கட்டாயம். ரகசியம் என்று முழு வாக்குக் கொடுத்துவிட்டுப் பிறகு மீறினால், அந்தப் பிள்ளை இனி எந்தப் பெரியவரையும் நம்பாது.

தன்மதிப்பு: புகழ்ச்சியில் தொடங்காதீர்கள்

"நீங்கள் எல்லோரும் வைரங்கள்" என்று தொடங்கும் வகுப்புகளைப் பார்த்திருக்கிறேன். பிள்ளைகள் கைதட்டுவார்கள், நம்ப மாட்டார்கள். தன்மதிப்பு பற்றிய ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து ராய் பாமைஸ்டர் என்ற உளவியலாளரும் அவருடைய சகாக்களும் 2003-இல் வெளியிட்ட கட்டுரை, தன்மதிப்பு உயர்வாக இருப்பதாலேயே பிள்ளைகள் புகைக்காமலோ குடிக்காமலோ இருந்துவிடுவதில்லை என்று முடிவுக்கு வந்தது. "நான் பெரிய ஆள்" என்ற நினைப்பை ஊதிவிட்டால் போதாது. கையில் ஒரு திறமை, அதை மதிக்க ஒரு ஆள், இரண்டும் வேண்டும்.

எனவே இப்படிச் செய்யுங்கள். "இன்னொருவருக்குச் சொல்லிக்கொடுக்கும் அளவுக்கு எனக்குத் தெரிந்த மூன்று வேலைகள்" என்று ஒவ்வொருவரும் எழுதட்டும். படிப்பு வராது என்று ஒதுக்கப்பட்ட பிள்ளைதான் முதலில் தயங்கும். அதன் பக்கத்தில் போய் உட்கார்ந்து, காலையில் எழுந்ததிலிருந்து பள்ளிக்கு வரும்வரை என்னென்ன செய்தாய் என்று கேளுங்கள். தம்பியைக் குளிப்பாட்டி யூனிஃபார்ம் போட்டுவிட்டேன், மாட்டுக்குத் தண்ணி காட்டினேன், அம்மாவுக்கு நாலு முழம் பூ கட்டிக்கொடுத்தேன், கழன்ற சைக்கிள் செயினை மாட்டினேன் என்று வரும். "இதெல்லாம் ஒரு வேலையா டீச்சர்?" என்று கேட்கும். ஆமாம், எழுது என்று சொல்லுங்கள். பிறகு இருவர் இருவராகப் பிரித்து, ஒருவர் தன் வேலையில் ஒன்றை மற்றவருக்கு ஐந்து நிமிடம் சொல்லிக்கொடுக்க வேண்டும். பூ கட்டத் தெரிந்த பையன் முதல் ரேங்க் வாங்கும் பெண்ணுக்கு நார் பிடிக்கச் சொல்லிக்கொடுக்கும்போது அவன் முகத்தைக் கவனியுங்கள்.

பாராட்டும்போதும் கண்ணால் பார்த்ததைச் சொல்லுங்கள். "நல்ல பையன்" என்றால் காற்றோடு போய்விடும். "தப்பாப் போன கணக்கை யாரும் சொல்லாமலே திரும்பப் போட்டுப் பார்த்தியே" என்றால் மனதில் நிற்கும்.

பட்டப்பெயர்களையும் இந்தப் பீரியடில்தான் பேச வேண்டும். கருவாயன், குண்டு, சோடாபுட்டி என்று பாசமாகத்தான் கூப்பிடுகிறோம் என்பார்கள். "கூப்பிடப்படுகிறவர் சீட்டில் எழுதட்டும், பிடித்திருக்கிறதா இல்லையா என்று" எனச் சொல்லிப் பெட்டியை நீட்டுங்கள். முடிவைப் பெயர் சொல்லாமல் வாசித்தால் போதும். பட்டப்பெயரில் சாதி ஒளிந்திருந்தால் அதை விளையாட்டுக் கணக்கில் விட வேண்டாம். அன்றே வகுப்பாசிரியரிடம் பேசுங்கள்.

மன அழுத்தம்

பிள்ளைகள் சொல்வது 'டென்ஷன்'. கரும்பலகையில் ஒரு உடம்பின் கோட்டுருவம் வரைந்து, "டென்ஷன் வந்தா உனக்கு எங்கே தெரியும்?" என்று கேளுங்கள். வயிறு கலக்கும், உள்ளங்கை வேர்க்கும், தொண்டை அடைக்கும், தூக்கம் வராது என்று ஒவ்வொருவராக வந்து புள்ளி வைப்பார்கள். பலகை நிரம்பும்போதே, இது எனக்கு மட்டும் இல்லை என்பது தெரிந்துவிடும். ஆபத்து என்று மூளை நினைத்தால் அட்ரினலின் சுரக்கிறது, இதயம் வேகமாகத் துடிக்கிறது. இது நோயில்லை, உடம்பின் தற்காப்பு என்று சுருக்கமாகச் சொல்லிவிட்டு மூச்சுப் பயிற்சிக்குப் போங்கள். மனதுக்குள் நான்கு எண்ணும்வரை மூச்சை இழுத்து, ஆறு எண்ணும்வரை விட வேண்டும். வெளிமூச்சு நீளும்போது இதயத் துடிப்பு தணியும். மூன்று நிமிடம் செய்யுங்கள், சிரிப்பு வந்தால் சிரித்து முடிக்கட்டும்.

அடுத்து இரண்டு பத்தி போடுங்கள்: நான் ஏதாவது செய்ய முடிவது, என் கையில் இல்லாதது. அரையாண்டுத் தேர்வு முதல் பத்தி. ராத்திரி அப்பா போடும் சண்டை இரண்டாவது. இரண்டாவதில் வருவதைப் பிள்ளை தீர்க்க வேண்டியதில்லை என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். தான் நன்றாகப் படித்தால் அப்பா குடியை விட்டுவிடுவார் என்று நம்பிக்கொண்டிருக்கும் பிள்ளைகள் உண்டு. அந்தப் பத்தியில் எழுத வேண்டியது, அந்த நேரத்தில் யாரிடம் போவேன் என்பது மட்டும்: எதிர்வீட்டு அக்கா, அத்தை, பாட்டி. பெயர் எழுதாமல் விட்டவர்கள் யார் என்று கவனித்து வையுங்கள்.

தூக்கத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. இந்த வயதுக்கு 8 முதல் 10 மணி நேரம் தேவை. விடியற்காலை நான்கு மணிக்கு எழுப்பிப் படிக்க வைப்பதைப் பெருமையாக நினைக்கும் வீடுகளில் இதை யாராவது சொல்லியாக வேண்டும்.

போதையின் கணக்கு

நான்காவது பீரியடை ஒரு கேள்வியோடு தொடங்குங்கள்: "இந்தியாவில் 13 முதல் 15 வயதுள்ள மாணவர்கள் 100 பேரில் எத்தனை பேர் புகையிலை பயன்படுத்துகிறார்கள்?" சீட்டில் எழுதிக் கொடுக்கட்டும். முப்பது, நாற்பது, அறுபது என்று கூட வரும். 2019-இல் எடுத்த உலகளாவிய இளையோர் புகையிலைக் கணக்கெடுப்பில் இந்தியாவுக்கு வந்த விடை 8.5 விழுக்காடு. அதாவது நூற்றில் தொண்ணூறுக்கு மேல் அதைப் பயன்படுத்துவதில்லை. "எல்லாரும் பண்றாங்க" என்பதுதான் பழக வைக்கிற வார்த்தை; அதை இந்த ஒரு எண் உடைத்துவிடும்.

ஐம்பது வயதில் வரும் புற்றுநோயைப் பதினான்கு வயதுக்காரரிடம் பேசிப் பயனில்லை. இன்றைக்கு நடப்பதைப் பேசுங்கள்: பல் கறை, வாய் நாற்றம், கபடியில் மூச்சு இறைப்பது, கையில் இருந்த பத்து ரூபாய். டென்ஷன் குறையுது என்று சொல்கிறவர்களுக்கு, புகையிலையில் இருக்கும் நிகோடின் செய்யும் தந்திரத்தை விளக்குங்கள். பழகிய உடம்பில் நிகோடின் அளவு குறையும்போது எரிச்சல், படபடப்பு வரும். அடுத்தது போட்டால் அது அடங்கும். அதாவது, தானே உண்டாக்கிய படபடப்பைத் தானே அடக்கிவிட்டு நல்ல பெயர் வாங்கிக்கொள்கிறது. ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இது சட்டென்று புரியும். தன்னை ஒருவன் ஏமாற்றுகிறான் என்பதை இந்த வயது பொறுக்காது. முடிவெடுக்கும் மூளைப்பகுதி இருபதுகளின் நடுவில்தான் முழுதாக முதிர்கிறது, அதனால் இந்த வயதில் தொடங்கினால் பிடி இறுகும் என்பதையும் சேர்த்துச் சொல்லலாம்.

மறுத்துப் பழகுவது

முதல் முறை நீட்டுகிற கை பள்ளி வாசலில் நிற்கும் முன்பின் தெரியாதவருடையது என்று நினைத்துப் பாடம் நடத்துகிறோம். பெரும்பாலும் அது சொந்தக் கை. கோயில் கொடை அன்று இரவு மேளம் அடிக்கும்போது, கல்யாண வீட்டுப் பந்தலுக்குப் பின்னால், கிரிக்கெட் முடிந்து கண்மாய்க் கரையில், பெரியப்பா மகனோ பிளஸ் டூ அண்ணனோ நீட்டுவார்கள். அங்கே மறுப்பது என்றால் உறவை முறிப்பது போல இருக்கும். அதனால் காட்சிகளைப் பிள்ளைகளையே எழுதச் சொல்லுங்கள். பெண்பிள்ளைகள் தனியாக எழுதட்டும். அவர்கள் காட்சியில் காதல் என்ற பெயரிலும் போட்டோவை வைத்தும் வருகிற நெருக்கடி இருக்கும், அது நமக்குத் தோன்றாது.

நடிக்கும்போது ஒரு விதி. நீட்டுகிற ஆளாக நீங்கள்தான் நடிக்க வேண்டும். ஒரு மாணவனை அந்த இடத்தில் நிறுத்தினால், வற்புறுத்தும் கலையை அவனுக்குப் பழக்கிவிடுவீர்கள்.

"டேய் மாப்ள, ஒரே ஒரு இழுப்பு."

"வேணாம்ணே."

"ஏன், அம்மா அடிக்குமா? இன்னும் பால் குடிக்கிற பாப்பாவா நீ?"

இங்கேதான் எல்லோரும் மாட்டிக்கொள்வார்கள். பாப்பா இல்லை என்று நிரூபிக்க வாதாடத் தொடங்குவார்கள், அல்லது தலையைக் குனிந்து சிரிப்பார்கள். குனிந்த தலையும் அசட்டுச் சிரிப்பும் இன்னொரு தடவை கேள் என்று அழைப்பு வைப்பதுதான். நிறுத்தி, திரும்பச் செய்யச் சொல்லுங்கள். முகம் நிமிரட்டும், குரல் சாதாரணமாக இருக்கட்டும், கோபம் தேவையில்லை. காரணம் சொன்னால் காரணத்தை உடைக்க எதிராளி ஒரு வாதம் வைத்திருப்பார். அதனால் காரணம் நீள வேண்டாம். "எனக்கு வேணாம்ணே. நாளைக்கு மேட்ச் இருக்கு." மறுபடி கேட்டால் அதே வார்த்தை: "வேணாம்ணே." மூன்றாவது முறை பேச்சை மாற்றலாம்: "மேளம் முடியப்போவுது, வாங்க போலாம்." அதற்கும் மசியாவிட்டால் அங்கிருந்து நகர வேண்டும். நகர்வதையும் நடித்துப் பார்க்கட்டும். வகுப்புக் கதவு வரை உண்மையாகவே நடக்க வேண்டும், திரும்பிப் பார்க்காமல். கேட்கச் சின்ன விஷயமாகத் தெரியும். ஆனால் அந்தப் பத்தடி நடையைக் கால் ஒருமுறை பழகியிருந்தால்தான் இரவில் பந்தலுக்குப் பின்னால் அது ஞாபகம் வரும்.

இதைவிட முக்கியமானது மூன்றாம் ஆள். நீட்டுகிறவர், மாட்டிக்கொண்டவர், பக்கத்தில் பேசாமல் நிற்கும் நண்பன். அந்த நண்பன் "விடுண்ணே அவன, டேய் வாடா போலாம்" என்று தோளில் கை போட்டு இழுத்தால் காட்சியே மாறிவிடும். மூன்று மூன்று பேராகப் பிரித்து, ஒவ்வொருவரும் இந்த நண்பனாக ஒருமுறையாவது நடிக்கும்வரை விடாதீர்கள். தனியாக மறுக்கத் தைரியம் வராத பிள்ளைகள் கூட அடுத்தவனுக்காகப் பேசிவிடுவார்கள். இரண்டு பீரியட் முழுக்க இதற்கே போகட்டும்.

ஒரு பிள்ளை வந்து சொன்னால்

நான்கைந்து வாரம் போனபின் வராந்தாவில் ஒருவர் தயங்கி நிற்பார். முகத்தில் அதிர்ச்சி காட்டாதீர்கள். டி.சி., அப்பாவைக் கூட்டி வா என்ற பேச்சே வேண்டாம். எது, எப்போதிலிருந்து, எந்த நேரத்தில் தேடுகிறது என்று மட்டும் கேளுங்கள். யாரிடம் வாங்குகிறாய் என்பதை முதல் நாளே கேட்டால் விசாரணை ஆகிவிடும். பிள்ளைக்குப் போதைப்பொருளோ மதுவோ புகையிலையோ கொடுப்பவருக்கு, சிறார் நீதிச் சட்டம் 2015-இன் 77-ஆம் பிரிவின்படி 7 ஆண்டு வரை கடுங்காவலும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. ஆனால் புகார் கொடுக்கிற பாரத்தைப் பிள்ளையின் தலையில் ஏற்றக்கூடாது. நீங்கள் நடந்து பார்த்ததை வைத்துப் பள்ளி புகார் கொடுக்கலாம். மதுவிலக்கு அமலாக்கப் பிரிவின் இலவச எண் 10581.

பிள்ளையின் சம்மதத்தோடு, அது நம்புகிற ஒரு பெரியவரையும் சேர்த்துக்கொண்டு அரசுத் தலைமை மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குப் போங்கள். மனநல ஆலோசனைக்குப் போனில் பேச 14416, தமிழில் பேசலாம். போதை மீட்பு ஆலோசனைக்கு 14446. வீட்டில் அடி, துன்புறுத்தல் என்றால் 1098.

இரண்டு அவசர நிலைகளைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். எழுப்பியும் எழவில்லை, மூச்சு மெதுவாக இருக்கிறது என்றால் ஒருக்களித்துப் படுக்க வைத்து 108-ஐ அழையுங்கள். மோர், எலுமிச்சைச் சாறு எதையும் வாயில் ஊற்றாதீர்கள், வாந்தி எடுக்க வைக்காதீர்கள். சொல்யூஷன் மோந்துகொண்டிருக்கும் பிள்ளையைக் கண்டால் கத்தி விரட்டாதீர்கள். அந்தப் புகை உள்ளே இருக்கும்போது திடீர்ப் பயமும் ஓட்டமும் சேர்ந்தால் இதயம் நின்றுபோகும் ஆபத்து உண்டு, முதல் தடவையே கூட. மெதுவாகப் பேசி, காற்றோட்டமான இடத்துக்கு அழைத்து வந்து உட்கார வையுங்கள்.

பெற்றோரும் மாலை நேரமும்

பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் பதினைந்து நிமிடம் கேட்டு வாங்குங்கள். இரண்டு விஷயம் பேசினால் போதும். ஒன்று, பீடிக்கட்டு வாங்கப் பிள்ளையை அனுப்பாதீர்கள், டம்ளரும் தண்ணீரும் எடுத்துவரச் சொல்லாதீர்கள். இன்னொன்று, பக்கத்து வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிட்டுத் திட்டாதீர்கள்.

மாலை நான்கிலிருந்து ஆறரை வரை பிள்ளைகள் எங்கே இருக்கிறார்கள் என்பது எல்லாப் பாடத்தையும்விடப் பெரிய விஷயம். ஐஸ்லாந்தில் 15, 16 வயதினரில் கடந்த ஒரு மாதத்தில் போதை ஏறக் குடித்தவர்கள் 1998-இல் 42 விழுக்காடு. 2016-இல் 5 விழுக்காடு. அங்கே விளையாட்டுக்கும் இசைக்கும் அரசு பணம் ஒதுக்கியது, பெற்றோர் பிள்ளைகளோடு கூடுதல் நேரம் செலவிட்டார்கள், இரவில் சுற்றுவதற்குக் கட்டுப்பாடு வந்தது. குட்டி நாடு, பணக்கார நாடு என்று தள்ளிவிடலாம். ஆனால் பள்ளி மைதானத்தின் கேட்டை மாலையில் பூட்டாமல் வைக்கவும், சிலம்பமோ பறையோ கேரமோ சொல்லிக்கொடுக்க ஊரில் ஒருவரைப் பிடிக்கவும் ஐஸ்லாந்து பணம் தேவையில்லை. வாட்ச்மேனுக்கு யார் பொறுப்பு, சாவி யாரிடம் என்று அந்தக் கூட்டத்திலேயே பேசி முடியுங்கள்.

ஆறாவது வாரம் முடிந்ததும் கேள்விப் பெட்டியை எடுத்துவந்துவிடாதீர்கள். பள்ளியில் ஏற்கெனவே 'மாணவர் மனசு' பெட்டி இருந்தால் அதைத் திறப்பவர் யார், எத்தனை நாளுக்கு ஒருமுறை என்று கேட்டு, உங்கள் சீட்டுகளும் அதில் விழ ஏற்பாடு செய்யுங்கள். ஒரு மாதம் கழித்து ஒரு பீரியட் மட்டும் திரும்பப் போய், புதிய காட்சி ஒன்றைக் கொடுத்து மறுபடி நடிக்க வையுங்கள். பொங்கல் விடுமுறைக்கு முன்னால் இன்னொரு முறை. ஊர்த் திருவிழா எந்த மாதம் என்று கேட்டு, அதற்கு முந்தின வாரமும் தேதி வாங்கி வையுங்கள்.